ஆபரேஷனுக்கு முன் ஒரே ஒரு ஊசி, அப்புறம் ஆன்டிபயாடிக் மாத்திரையே இல்லை: இது சரியா?

தாமிரபரணி எழுதியது:

அப்பாவுக்கு 66 வயது. சுகர் உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. போன வாரம் ஹெர்னியா ஆபரேஷன் நடந்தது, திறந்து செய்து மெஷ் (வலை) வைத்திருக்கிறார்கள். தியேட்டருக்குள் போனபின் ஒரு ஊசி போட்டார்களாம், அவ்வளவுதான். மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் கொடுத்தது வலி மாத்திரையும் மலம் இளகுவதற்கு ஒரு சிரப்பும் மட்டும்.

இப்போது வீட்டில் ஒரே பேச்சு. அத்தானுக்கு இதே ஆபரேஷன் வேறு இடத்தில் நடந்தபோது ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் காலையும் இரவும் ஊசி போட்டார்கள், வீட்டுக்கு வரும்போது ஐந்து நாளைக்கு மாத்திரையும் கொடுத்தார்கள். "மெஷ் வைத்த ஆளுக்கு, அதுவும் சுகர்காரருக்கு, ஆன்டிபயாடிக் இல்லாமல் அனுப்பியிருக்கிறார்களே" என்று சித்தப்பா தினமும் போன் செய்கிறார். தெருமுனை மருந்துக்கடைக்காரர் ஒரு அட்டை எடுத்துக் கொடுக்கிறேன் என்கிறார். டாக்டரிடம் கேட்டேன், "தேவையில்லை, தேவையான நேரத்தில் கொடுத்தாயிற்று" என்றார். நல்ல மனிதர்தான், ஆனால் ஒரு வரிக்கு மேல் பேச மாட்டார். புண் இப்போதைக்கு உலர்ந்துதான் இருக்கிறது. மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா, வேண்டாமா? தெரிந்தவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

---

மருந்துக்கடை_மதுரை எழுதியது:

வாங்கிக் கொடுக்காதீர்கள். நானும் கடை வைத்திருப்பவன்தான். அவர் எடுத்துக் கொடுக்கிறேன் என்று சொல்வது பெரும்பாலும் செஃபிக்ஸைம் 200 ஆக இருக்கும். அது எச்1 பட்டியல் மருந்து. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. சீட்டு இருந்தாலும் டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று தனி நோட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். 2014-இலிருந்து இதுதான் சட்டம். உங்கள் டாக்டர் வேண்டாம் என்றது சரியா என்று மற்றவர்கள் சொல்லட்டும், ஆனால் கவுண்டரில் நின்று இதை முடிவு செய்யக்கூடாது.

---

மயக்கவியல் எழுதியது:

தாமிரபரணி, நான் அனஸ்தீசியா டாக்டர். பல ஆஸ்பத்திரிகளுக்குப் போய் கேஸ் எடுக்கிறேன். உங்கள் அப்பாவின் டாக்டர் செய்ததுதான் சரி. "தேவையான நேரத்தில்" என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையில்தான் முழு விஷயமும் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆபரேஷன் புண்ணில் கிருமி எப்போது நுழைகிறது? பெரும்பாலும் தோலைக் கீறியதிலிருந்து தையல் போட்டு மூடும் வரை. நோயாளியின் சொந்தத் தோலில் இருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமிதான் பெரும்பாலும் குற்றவாளி. எவ்வளவு சுத்தம் செய்தாலும் தோலின் அடியில் மயிர்க்கால்களுக்குள் இருப்பது முழுதாகப் போகாது. கீறும் அந்த நேரத்தில் திசுவுக்குள் மருந்து ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வெட்டுப்பட்ட இடத்தில் ரத்தம் உறையும்போது அந்த உறைவுக்குள்ளேயே மருந்தும் சேர்ந்து உறைய வேண்டும். தையல் போட்டபின் உள்ளே தேங்கிய உறைவுக்கு ரத்த ஓட்டம் கிடையாது, அப்புறம் நரம்பில் ஏற்றும் மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது.

இது ஊகம் இல்லை. 1961-இல் ஜான் பர்க் என்ற அமெரிக்க சர்ஜன் கினிப் பன்றிகளின் தோலில் ஸ்டாஃபிலோகாக்கஸைச் செலுத்தி, ஆன்டிபயாடிக்கை வெவ்வேறு நேரங்களில் கொடுத்துப் பார்த்தார். கிருமி நுழைவதற்கு முன்பே மருந்து உடம்பில் இருந்தால் வீக்கம் மிகக் குறைவு. தாமதமாகத் தாமதமாகப் பலன் குறைந்துகொண்டே போனது. மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்தபோது மருந்தே கொடுக்காத விலங்குக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

மனிதர்களில் 1992-இல் சால்ட் லேக் சிட்டியில் 2,847 நோயாளிகளைக் கவனித்துப் பார்த்தார்கள். கீறுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து போட்டவர்களில் புண் தொற்று 0.6 சதவீதம். அதற்கும் முன்னாலேயே, அதாவது இரண்டு மணி நேரத்துக்கு மேல் முன்கூட்டிப் போட்டவர்களில் 3.8. கீறி மூன்று மணி நேரத்துக்குப் பிறகு ஆரம்பித்தவர்களில் 3.3. ரொம்ப முன்னால் போட்டாலும் வீண், பின்னால் போட்டாலும் வீண். உங்கள் அத்தானுக்கு வீட்டுக்கு வந்தபின் கொடுத்த ஐந்து நாள் மாத்திரை இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

---

தாமிரபரணி எழுதியது:

இவ்வளவு விளக்கமாக யாரும் சொன்னதில்லை, நன்றி டாக்டர். ஆனால் மெஷ் உள்ளேயே இருக்கிறதே? வெளிப்பொருள் உள்ளே இருந்தால் கூடுதல் பாதுகாப்பு வேண்டாமா? சித்தப்பா இதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

---

மயக்கவியல் எழுதியது:

சித்தப்பாவின் கவலையில் நியாயம் இருக்கிறது. வெளிப்பொருள் இருந்தால் மிகக் குறைந்த கிருமியே தொற்றாகிவிடும் என்பது உண்மைதான். 1957-இல் மனிதத் தன்னார்வலர்களிடமே சோதித்தார்கள்: பல லட்சம் கிருமி தேவைப்பட்ட இடத்தில், ஒரு பட்டு நூல் தையல் உள்ளே இருந்தபோது சில நூறே போதுமாக இருந்தது. அதனால்தான் மெஷ், மூட்டு, பிளேட் வைக்கும்போது அந்த முதல் டோஸை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் கிருமி மெஷ்ஷில் ஒட்டும் நேரமும் அதே ஆபரேஷன் நேரம்தான். ஒட்டிப் படலம் கட்டியபின் ஐந்து நாள் செஃபிக்ஸைம் அதைக் கழற்றாது.

இன்னொன்று, சாதாரண உடல்நிலை உள்ளவருக்கு, தொற்று விகிதம் குறைவாக இருக்கும் இடத்தில் செய்தால், ஹெர்னியா மெஷ்ஷுக்கு அந்த ஒரு டோஸ்கூடத் தேவையில்லை என்றுதான் சர்வதேச ஹெர்னியா வழிகாட்டி சொல்கிறது. தொற்று அதிகம் உள்ள இடத்தில் கொடுக்கச் சொல்கிறது. அப்பாவுக்குச் சுகர் இருப்பதால் உங்கள் டாக்டர் கொடுத்தது நியாயம்.

---

மலைக்கோட்டை_சர்ஜன் எழுதியது:

இங்கே எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன். சின்ன ஊரில் இருபது படுக்கை நர்சிங் ஹோம் நடத்துகிறேன். நான் சுத்தமான கேஸுக்கு மூன்று நாள், குடல் திறந்த கேஸுக்கு ஐந்து நாள் கொடுக்கிறேன். இதை எழுதக் கூச்சமில்லை.

மயக்கவியல் சொல்லும் ஆய்வுகளெல்லாம் எங்கே நடந்தவை? வடிகட்டிய காற்று, நெகடிவ் பிரஷர் பாசிடிவ் பிரஷர், நோயாளியைப் போர்த்த ஒருமுறை பயன்படுத்தி எறியும் டிரேப், தியேட்டருக்குள் ஆறு கதவு. எனக்கு ஒரு ஸ்ப்ளிட் ஏசி. கருவிகளை நீராவியில் சுத்தம் செய்யும் ஆட்டோகிளேவ் ஓடும்போது பாதியில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. துணி டிரேப்பைத் துவைத்துத் துவைத்துப் பயன்படுத்துகிறோம். நோயாளி வயலிலிருந்து நேராக வருகிறார், ஆபரேஷன் முடிந்து நாலாம் நாள் மாட்டுக் கொட்டகையில் நிற்கிறார். தையல் பிரிக்க வரும்போது கட்டு என்ன நிறத்தில் இருக்கிறது என்று வந்து பாருங்கள். ஒரு கேஸ் சீழ் வைத்தால் பஸ் ஸ்டாண்டு வரை பேச்சு. "மருந்துகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டான்" என்றுதான் பேசுவார்கள், சால்ட் லேக் சிட்டி ஆய்வை யாரும் படித்துவிட்டு வர மாட்டார்கள். வழக்கு வந்தால் நிற்கப் போவதும் நான்தான்.

---

நிலாச்சோறு எழுதியது:

சர்ஜன் சார் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. நம் ஊர் நிலைமை வேறுதானே.

---

தியேட்டர்_அக்கா எழுதியது:

சர்ஜன் சார், வணக்கம். அரசு ஆஸ்பத்திரியிலும் தனியாரிலும் தியேட்டர் சிஸ்டராக வேலை பார்த்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் கரண்ட், துணி டிரேப், வயலிலிருந்து வருவது எல்லாம் நூற்றுக்கு நூறு உண்மை, நானும் அதற்குள்தான் இருக்கிறேன். ஆனால் அந்தக் குறை எதையும் ஐந்து நாள் ஊசி சரிசெய்து நான் பார்த்ததில்லை. ஆட்டோகிளேவ் சரியாக ஓடவில்லை என்றால் மறுபடி ஓட்டத்தான் வேண்டும், நீங்களே அதைத்தான் செய்கிறீர்கள்.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். முதல் நாள் சாயங்காலமே வார்டில் வைத்து பிளேடால் சிரைத்துவிடுவார்கள், ஹெர்னியாவுக்கு தொப்புளிலிருந்து தொடை வரை. மறுநாள் காலை மேஜையில் படுக்கவைத்து விளக்கைப் போட்டால், சிரைத்த இடம் முழுக்க வேர்க்குரு மாதிரி சிவப்புப் புள்ளிகள் தெரியும், விரலால் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு வெட்டு, இரவெல்லாம் அதில் கிருமி வளர்ந்திருக்கிறது. அதன் மேல் பெட்டாடைன் பூசிவிட்டுக் கீறுகிறோம். 1971-இல் வந்த ஒரு ஆய்வில் பிளேடால் சிரைத்தவர்களில் 5.6 சதவீதம் பேருக்குப் புண் தொற்று, சிரைக்காமல் விட்டவர்களுக்கும் கிரீம் போட்டு முடி எடுத்தவர்களுக்கும் 0.6. கனடாவில் கால்கரி நகரத்து ஆஸ்பத்திரியில் பத்து வருடம் 62,939 புண்களைக் கணக்கெடுத்தபோதும் சிரைத்தவர்களுக்குத்தான் அதிகம். உலக சுகாதார நிறுவனம் 2016-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது: முடியை எடுக்காதே, எடுத்தே ஆகவேண்டும் என்றால் கிளிப்பர் வைத்து வெட்டு, பிளேடு கூடவே கூடாது. கிளிப்பர் என்ன விலை, ஐந்து நாள் ஊசி என்ன விலை?

அப்புறம் ஒன்று. சுகர். ஆபரேஷன் அன்றும் மறுநாளும் 200-க்குக் கீழே வைத்திருப்பது. இன்னொன்று குளிர். ஏசியை 18-இல் வைத்துவிட்டு வயதானவரை ஒரு பச்சைத் துணியோடு படுக்கவைத்திருப்போம், அவர் உடம்பு நடுங்கும். 1996-இல் வந்த ஆய்வில் பெருங்குடல் ஆபரேஷனில் உடம்பைச் சூடாக வைத்திருந்தவர்களில் 6 சதவீதம் தொற்று, குளிர விட்டவர்களில் 19. இரண்டு பக்கமும் மருந்து ஒன்றுதான்.

---

மயக்கவியல் எழுதியது:

அக்கா சொன்ன குளிர் விஷயம் என் பொறுப்பு, என் துறையில் பலர் இதைக் கவனிப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

சர்ஜன் சார், "எங்கோ நடந்த ஆய்வு" என்ற கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. 2022-இல் லான்செட்டில் வந்தது, சீட்டா என்று பெயர். இந்தியா, கானா, நைஜீரியா, ருவாண்டா, பெனின், தென்னாப்பிரிக்கா, மெக்சிகோ என்று ஏழு நாடுகள், 13,301 நோயாளிகள், வயிற்று ஆபரேஷன்கள். நம்மைப் போன்ற தியேட்டர்கள்தான். அங்கே என்ன செய்தார்கள்? வயிற்றை மூடுவதற்கு முன் எல்லோரும் கிளவுஸை மாற்றி, மூடுவதற்கென்று தனியாக வைத்த ஸ்டெரைல் கருவிகளை எடுத்தார்கள். அவ்வளவுதான். தொற்று 18.9-இலிருந்து 16.0 சதவீதமாகக் குறைந்தது. உங்கள் நர்சிங் ஹோமில் நாளைக்கே செய்யலாம், ஒரு ஜோடி கிளவுஸும் ஒரு சின்ன டிரேயும்தான் கூடுதல்.

நாள் கணக்கை நீட்டுவதைப் பற்றியும் நிறையப் பேரிடம் பார்த்துவிட்டார்கள். 2019-இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிகளில் 79,058 ஆபரேஷன்கள். ஒரு நாளைக்கு மேல் கொடுத்ததில் புண் தொற்று குறையவில்லை. சிறுநீரகப் பாதிப்பும், கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமியால் வரும் கடுமையான வயிற்றுப்போக்கும், நாள் கூடக்கூட ஏறிக்கொண்டே போனது. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை ஏழை நாடு, பணக்கார நாடு என்று பிரித்துப் பேசவில்லை: ஆபரேஷன் முடிந்தபின் தடுப்புக்காக நீட்டாதே.

---

மலைக்கோட்டை_சர்ஜன் எழுதியது:

கிளவுஸ் மாற்றுவது நல்ல யோசனை, ஏற்றுக்கொள்கிறேன். பிளேடு என் இடத்தில் ஏற்கெனவே நிறுத்தியாயிற்று.

ஆனால் உள்ளே தேங்கும் நீரை வெளியேற்ற டிரெயின் குழாய் வைத்த கேஸ்? குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, அது வழியாகக் கிருமி உள்ளே போகாதா? குழாய் எடுக்கும்வரை கொடுப்பேன்.

---

மயக்கவியல் எழுதியது:

குழாய்க்காகத் தொடர வேண்டாம் என்று 2016 உலக சுகாதார நிறுவன வழிகாட்டியிலும் 2017 அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் வழிகாட்டியிலும் வெளிப்படையாகவே இருக்கிறது. குழாய் வழியாக வரும் கிருமிக்கு மருந்து, குழாயைச் சீக்கிரம் எடுப்பது. ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டே இருந்தால் குழாயில் குடியேறுவது அந்த மருந்துக்கு அடங்காத கிருமியாகத்தான் இருக்கும்.

---

மலைக்கோட்டை_சர்ஜன் எழுதியது:

படித்துப் பார்க்கிறேன். வயிற்றின் முன்சுவரில் வரும் பெரிய வென்ட்ரல் ஹெர்னியாவில் மெஷ்ஷும் குழாயும் சேர்ந்து இருக்கும்போது 24 மணி நேரத்தில் நிறுத்த எனக்கு இன்னும் மனம் வரவில்லை, இதை மறைக்காமல் சொல்கிறேன்.

---

கொங்குச்சீமை எழுதியது:

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மச்சினனுக்கு பைக் விபத்தில் கால் எலும்பு முறிந்து பிளேட் வைத்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். படுத்திருந்த நாளெல்லாம் இரண்டு மூன்று விதமான ஊசி, வீட்டுக்கு வந்தபின் மாத்திரை. இருந்தும் தையல் ஓரத்தில் ஒரு இடம் மட்டும் மூடாமல் கசிந்துகொண்டே இருந்தது. அழுத்தினால் மஞ்சளாக ஒரு சொட்டு வரும். கல்ச்சர் அனுப்பினார்கள். ரிப்போர்ட்டில் வரிசையாக மருந்துப் பெயர்கள், பக்கத்தில் ஆர், ஆர், ஆர் என்று கீழே வரைக்கும், அதாவது அந்த மருந்துக்குக் கிருமி அடங்காது. கடைசியில் இரண்டே இரண்டு மருந்துக்கு எஸ், அதாவது அடங்கும். அதுவும் ஊசிதான், மாத்திரை கிடையாது. பிளேட்டை எடுத்துவிட்டு மறுபடி எல்லாம் முதலிலிருந்து. அவன் வேலைக்குப் போக ஒரு வருடம் ஆயிற்று. ஊசி நிறையப் போட்டால் சீழ் வராது என்று நினைப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன்.

---

மயக்கவியல் எழுதியது:

மச்சினர் இப்போது நன்றாக இருப்பார் என்று நம்புகிறேன். ஒரு கேஸை வைத்து இரு பக்கமும் எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் நீங்கள் சொன்ன அந்த ரிப்போர்ட்டை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். முன்பே பல நாள் ஆன்டிபயாடிக் ஓடிய உடம்பில் சீழ் வந்தால், அது அந்த மருந்துகளைத் தாண்டி வந்த கிருமியாகத்தான் பெரும்பாலும் இருக்கும். 2000-இலேயே இதயப் பைபாஸ் செய்த 2,641 பேரிடம் பார்த்தார்கள்: 48 மணி நேரத்துக்கு மேல் கொடுத்தவர்களுக்குப் புண் தொற்று குறையவில்லை, மருந்துக்கு அடங்காத கிருமி குடியேறுவதுதான் கூடியது.

எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்த முறிவு என்றால் கதை வேறு. அங்கே கிருமி ஆபரேஷனுக்கு முன்பே உள்ளே போய்விட்டது. வெடித்த குடல்வால், சீழ்க்கட்டி, ஓட்டை விழுந்த குடல் எல்லாம் அப்படித்தான். அங்கே கொடுப்பது தடுப்பு இல்லை, சிகிச்சை, நாள் கணக்கில் கொடுக்கத்தான் வேண்டும். அந்த நாள் கணக்கும் நாம் நினைப்பதைவிடக் குறைவு: வயிற்றுக்குள் தொற்று வந்த 518 பேரிடம் 2015-இல் பார்த்தபோது, சீழை ஒழுங்காக எடுத்தபின் நாலு நாள் கொடுத்ததும் எட்டு நாள் கொடுத்ததும் ஒரே பலன். இதைப் படித்துவிட்டு யாரும் டாக்டர் சிகிச்சைக்காகக் கொடுத்த மருந்தைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

---

ஈரோட்டுப்_பொண்ணு எழுதியது:

சிசேரியனுக்கும் இதே கணக்கா? எனக்கு அடுத்த மாதம். முதல் பிள்ளைக்கு சிசேரியன் ஆனபோது குழந்தையை வெளியே எடுத்தபின்தான் ஊசி போட்டதாக ஞாபகம். தாய்ப்பாலில் போகுமா?

---

தியேட்டர்_அக்கா எழுதியது:

முன்பு அப்படித்தான் தங்கச்சி, தொப்புள்கொடியைக் கிளாம்ப் போட்டபின் கொடுப்போம், மருந்து குழந்தைக்குப் போய்விடும் என்ற பயம். பிறகு ஆய்வுகளில் கீறுவதற்கு முன் கொடுத்தால் தாய்க்குத் தொற்று குறைகிறது, குழந்தைக்குக் கெடுதல் ஒன்றும் காணவில்லை என்று தெரிந்தது. இப்போது கீறுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள். அப்போது போடும் ஆன்டிபயாடிக் ஊசியான செஃபசோலின் தாய்ப்பாலில் மிக மிகக் கொஞ்சம்தான் போகும், பால் கொடுக்கலாம்.

வலி எடுத்தோ பனிக்குடம் உடைந்தோ அதன்பின் சிசேரியன் என்றால், கூடவே அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் ஒரு டோஸ் கொடுப்பதில் பலன் இருக்கிறது. அமெரிக்காவில் 2,013 பெண்களிடம் பார்த்ததில் 12 சதவீதமாக இருந்த தொற்று 6.1 ஆக இறங்கியது. உங்கள் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி நூற்றுக்குக் கிட்டத்தட்ட 45 பிரசவம் சிசேரியன். ஒவ்வொருவருக்கும் ஐந்து நாள் ஊசி என்றால் மொத்தம் எவ்வளவு மருந்து என்று யோசியுங்கள். நான் இந்த இழையில் இவ்வளவு எழுதுவதே அதற்காகத்தான்.

---

மருந்துக்கடை_மதுரை எழுதியது:

மயக்கவியல் டாக்டரிடம் ஒரு கேள்வி. நீங்கள் எல்லாம் செஃபசோலின் என்கிறீர்கள். எனக்கு வரும் சீட்டில் பத்துக்கு எட்டு செஃப்ட்ரியாக்சோன்தான். நர்சிங் ஹோம்களுக்கு சப்ளை செய்யும்போதும் அதே. ஏன்?

---

மயக்கவியல் எழுதியது:

வலி இருக்கும் இடத்தில் கை வைத்துவிட்டீர்கள்.

நான் அடிக்கடி பார்க்கும் கேஸ் ஷீட் இப்படி இருக்கும். "காலை 6.00, டெஸ்ட் டோஸ் போட்டது, ரியாக்‌ஷன் இல்லை. 6.30, ஊசி 1 கிராம் நரம்பில்." (டெஸ்ட் டோஸ் என்பது அலர்ஜி பார்க்க முதலில் போடும் கொஞ்ச மருந்து.) கீழே நைட் டியூட்டி சிஸ்டரின் கையெழுத்து. லிஸ்ட்டில் மூன்றாவது கேஸ். முதல் கேஸ் இழுத்துக்கொண்டு போகும், இரண்டாவதுக்கு ரத்தம் வரத் தாமதம். இவரை உள்ளே எடுத்து முதுகில் ஊசி போட்டு, கிருமிநாசினி பூசி, டிரேப் போட்டுக் கத்தி வைக்கும்போது மதியம் 12.15. செஃபசோலின் ரத்தத்தில் பாதியாகக் குறைய இரண்டு மணி நேரத்துக்கும் குறைவுதான் ஆகும். ஆறு மணி நேரம் கழித்து எட்டில் ஒரு பங்குகூட மிச்சம் இருக்காது. ஷீட்டில் "ஆன்டிபயாடிக் கொடுத்தாயிற்று" என்று டிக் இருக்கும், திசுவில் மருந்து இருக்காது. சிஸ்டர் மேல் தப்பே இல்லை, வார்டு ஆர்டரே அப்படி.

இதற்குச் சமாதானமாகத்தான் செஃப்ட்ரியாக்சோன் வந்தது. அது எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பாதியாகும், காலையில் போட்டாலும் மதியம் வரை நிற்கும், விலையும் மலிவு. ஆனால் தோலில் இருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸுக்கு செஃபசோலின்தான் பலமான மருந்து. செஃப்ட்ரியாக்சோன் குடலில் இருக்கும் கிருமிகளைப் பழக்கிவிட்டுவிடும், நாளைக்கு அந்த நோயாளிக்கு நிஜமான தொற்று வரும்போது அது வேலை செய்யாது. உலக சுகாதார நிறுவனப் பட்டியலில் செஃபசோலின் தாராளமாகப் பயன்படுத்தும் வகையில் இருக்கிறது, செஃப்ட்ரியாக்சோன் கவனித்துப் பயன்படுத்தும் வகையில். அந்த ஊசியை வார்டிலிருந்து தியேட்டருக்கு மாற்றினால் செஃப்ட்ரியாக்சோனுக்கான காரணமே போய்விடும். நான் போகும் இடங்களில் நரம்பில் வென்ஃப்ளான் குழாய் போட்டவுடன் என் கையால் நானே போடுகிறேன்: 2 கிராம், 120 கிலோவுக்கு மேல் எடை இருந்தால் 3 கிராம். கேஸ் நாலு மணி நேரத்தைத் தாண்டினால், அல்லது ஒன்றரை லிட்டருக்கு மேல் ரத்தம் போனால், மறுபடி ஒரு டோஸ். முழங்கால் மாற்று என்றால் ரத்த ஓட்டத்தை நிறுத்தத் தொடையில் டூர்னிக்கே பட்டை கட்டுவதற்கு முன்பே மருந்து முழுவதும் உள்ளே போயிருக்க வேண்டும், கட்டியபின் போட்டால் காலுக்கு மருந்து போகாது.

---

மலைக்கோட்டை_சர்ஜன் எழுதியது:

இந்த வார்டு ஆர்டர் விஷயம் உண்மை. என் இடத்திலும் காலை ஆறரைதான். மூன்றாவது கேஸுக்கு என்ன ஆகிறது என்று இதுவரை கணக்குப் பார்த்ததில்லை, பார்க்கிறேன்.

---

நிலாச்சோறு எழுதியது:

வீட்டில் கத்திரிக்காய், கருவாடு, பூசணி கூடாது, சீழ் வைக்கும் என்கிறார்கள். தையல் மேல் நியோஸ்போரின் பவுடர் தூவலாமா?

---

தியேட்டர்_அக்கா எழுதியது:

கத்திரிக்காய்க்கும் சீழுக்கும் சம்பந்தம் இல்லை. பத்தியம் என்று சொல்லி ரசம் சாதத்தோடு நிறுத்திவிடுவதுதான் கெடுதல். முட்டை, மீன், பருப்பு, பயறு நன்றாகக் கொடுங்கள், புண் ஆற அதுதான் வேண்டும். பவுடர் வேண்டாம், ஆபரேஷன் புண் மேல் தடுப்புக்காக ஆன்டிபயாடிக் பவுடரோ களிம்போ போடக்கூடாது என்று சிடிசி வழிகாட்டியிலேயே இருக்கிறது. வெட்டு ஓரம் ஒன்றிரண்டு நாளில் ஒட்டி மூடிக்கொள்ளும், அதுவரை கட்டைப் பிரிக்காமல் இருந்தால் போதும்.

தாமிரபரணி, நீங்கள் பார்க்க வேண்டியது இவைதான்: மூன்று நாலு நாள் கழித்து வலி குறைவதற்குப் பதிலாகக் கூடினால், தையலைச் சுற்றிச் சிவப்பு பரவினால், தொட்டால் சூடாக இருந்தால், நீரோ சீழோ கசிந்தால், காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். ஒரு மாதம் வரை கவனம் வேண்டும், மெஷ் இருப்பதால் மூன்று மாதம் வரை.

---

தாமிரபரணி எழுதியது:

மாத்திரை வாங்கவில்லை. இந்த இழையைச் சித்தப்பாவுக்கு அனுப்பியிருக்கிறேன். சுகரைத் தினமும் பார்த்து எழுதி வைக்கிறோம்.

---

ஈரோட்டுப்_பொண்ணு எழுதியது:

கடைசியாக ஒன்று. சின்ன வயதில் பெனிசிலின் ஊசி போட்டபோது உடம்பெல்லாம் தடித்தது என்று அம்மா சொல்வார்கள். என் பைலில் "பெனிசிலின் அலர்ஜி" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. அப்படியானால் செஃபசோலின் போட முடியாதா?

---

மயக்கவியல் எழுதியது:

பெரும்பாலும் போடலாம். பெனிசிலின் அலர்ஜி என்று சொல்பவர்களை முறையாகப் பரிசோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு அலர்ஜி இருப்பதில்லை. செஃபசோலினின் மூலக்கூறு அமைப்பும் பெனிசிலினோடு ஒட்டாதது, அதனால் ஒன்றுக்கு வந்தது இன்னொன்றுக்கு வருவது அபூர்வம். அலர்ஜி என்று பயந்து வேறு மருந்துக்கு மாறினால் தொற்று வாய்ப்புத்தான் கூடும். வார்டில் போடும் டெஸ்ட் டோஸை நம்பி முடிவெடுக்க வேண்டாம், உங்கள் கதைதான் முக்கியம். அம்மாவிடம் நன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்: ஊசி போட்டு எவ்வளவு நேரத்தில் தடித்தது, மூச்சுத் திணறியதா, முகம் உதடு வீங்கியதா, மயக்கம் வந்ததா, தோல் உரிந்து கொப்புளம் போட்டதா, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களா, அதற்குப் பிறகு எப்போதாவது பெனிசிலின் வகையைச் சேர்ந்த அமாக்சிசிலின் சாப்பிட்டு ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கிறதா. தோல் உரிந்தது என்றால் மட்டும் இந்த வகை மருந்தே வேண்டாம், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்தத் தாளை ஆபரேஷன் அன்று காலையில் கொடுக்காதீர்கள், இப்போதே உங்கள் மகப்பேறு டாக்டரிடமும் அனஸ்தீசியா பார்ப்பவரிடமும் காட்டுங்கள்.